மண்வெட்டியும் பட்டமும்: தோட்டக்கலைப் படிப்பு நம் நாட்டில் வளர்ந்த கதை



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, இயந்திரவியலைப் பற்றித்தான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். தோட்டக்கலையின் வரலாறு என்று நான் சொன்னதும், "மெக்கானிக்கல் படிச்சவனுக்கும் செடி கொடிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று ஒரு நண்பர் சிரித்தார். சம்பந்தம் இருக்கிறது. நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பம்பு, கம்ப்ரசர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இவற்றையெல்லாம் பார்க்கிற ஆளின் தலையிலேயே ஆலையைச் சுற்றியுள்ள பசுமை வளையத்தையும் கட்டிவிடுவது பல இடங்களில் வழக்கம். அப்படித்தான் மரங்கள் என் பொறுப்பில் வந்தன. "இதற்கென்று ஒரு படிப்பு உண்டா, அதை யார் படித்தார்கள், நம் பள்ளிப்பட்டுப் பிள்ளைகள் ஏன் படிப்பதில்லை?" என்ற கேள்விகளும் கூடவே வந்தன. அவற்றுக்கு விடை தேடிப் படித்ததன் சுருக்கமே இக்கட்டுரை.

நந்தவனத்திலிருந்து தொடங்குவோம்

தோட்டம் அமைக்கும் கலையை வெள்ளைக்காரன்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்தான் என்று நினைப்பது தவறு. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் நந்தவனங்களுக்கு நிலம் ஒதுக்கிய செய்திகள் ஏராளம். நந்தவனத்தைப் பேணுவோரின் பிழைப்புக்கென விடப்பட்ட நிலத்துக்குத் 'திருநந்தவனப்புறம்' என்றே பெயர். அதாவது தோட்டவேலை அன்றைக்கே ஒரு நிரந்தர உத்தியோகம். அதற்கு ஊதிய ஏற்பாடும் இருந்தது.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் திருமலையையே எடுத்துக் கொள்ளுங்கள். இராமாநுசரின் சீடர் அனந்தாழ்வான் அங்கே மலர்த்தோட்டம் அமைத்து, தன் கையாலேயே ஏரி வெட்டினார் என்பது வைணவ மரபு சொல்லும் வரலாறு. அவருடையது என்று சொல்லப்படும் கடப்பாரையைக் கோயில் வாசலில் இன்றும் காணலாம். மண் வெட்டிய கருவிக்கு வாசலில் இடம் கொடுத்த ஊர் அது.

ஆனால் இந்த அறிவு தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனதே தவிர, ஏட்டில் ஏறவில்லை. தேர்வு கிடையாது, சான்றிதழ் கிடையாது. கம்பெனி ஆட்சி வந்து, எல்லாவற்றுக்கும் காகிதம் கேட்கத் தொடங்கியபோது நம்மவர்கள் பின்தங்கியது இதனால்தான்.

படம் வரைந்த கைகள்

சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-ல் தொடங்கப்பட்டது. கதீட்ரல் சாலையில் இருந்த அதன் தோட்டம் நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சங்கத்தில் தொடக்க காலத்திலேயே ஈடுபட்டவர் டாக்டர் ராபர்ட் வைட். ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவராகக் கம்பெனி வேலைக்கு வந்து தாவரவியலில் பெயர் பெற்றவர். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி அவர் வெளியிட்ட படத் தொகுதிகள் இன்றும் ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படுகின்றன.

அந்தப் படங்களை வரைந்தவர்கள் யார்? ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள். தெலுங்கு மரபைச் சேர்ந்தவர்கள் என்று கருதப்படுகிறது. பூவின் ஒவ்வோர் இதழையும், விதையின் குறுக்குவெட்டையும் அத்தனை நுட்பமாக வரைந்தவர்கள் அவர்கள். வைட் நன்றி மறக்கவில்லை. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரால் 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் அந்தப் பேரினம் வேறொன்றோடு சேர்க்கப்பட்டதால் அந்தப் பெயரும் வழக்கொழிந்தது. பெயர் கிடைத்த கோவிந்துவின் நிலையே இதுவென்றால், செடியைத் தேடிக் காட்டுக்குப் போனவர்கள், பறித்து வந்தவர்கள், நட்டு நீர் ஊற்றியவர்கள் இவர்களின் கதி என்ன? அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயரே எழுதப்படவில்லை.

கியூவில் பயின்றவர்கள்

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போகாத தமிழர் குறைவு. கல்லூரிச் சுற்றுலாவில் நாமும் போனோம். கண்ணாடி மாளிகை முன்னால் நின்று படம் எடுத்துக் கொண்டோம். அந்தப் பூங்காவை அமைத்தவர் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர். லண்டனை அடுத்த கியூ அரச தாவரவியல் தோட்டத்தில் பயிற்சி பெற்று, 1848-ல் உதகைக்கு வந்தார். தொட்டபெட்டாவின் அடிச்சரிவில், மேடும் பள்ளமும் சதுப்புமாகக் கிடந்த இடத்தை அடுக்கடுக்கான தளங்களாக மாற்றினார். இன்று அது ஏறத்தாழ 22 ஹெக்டேர் பூங்கா. நீர் வடியும் வழியைத் தீர்மானித்து, மண்ணை வெட்டி நிரப்பி, சரிவைப் பிடித்து நிறுத்திய அந்த வேலையைப் பொறியாளர் கண்ணோடு பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு சிவில் என்ஜினீயர் செய்ய வேண்டிய காரியத்தை ஒரு தோட்டக்காரர் செய்திருக்கிறார்.

மெக்ஐவர் அத்தோடு நிற்கவில்லை. மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைத் தரும் சின்கோனா மரங்களை 1860-களில் நீலகிரியில் வளர்த்தார். பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடி, மரத்தை வெட்டாமலேயே புதுப்பட்டை வளரச் செய்யும் முறையைக் கையாண்டார். நடுவட்டம் பகுதித் தோட்டங்களில் கூலிகளோடு சிறைக்கைதிகளும் வேலை செய்தார்கள். மெக்ஐவர் 1876-ல் உதகையிலேயே காலமானார்.

மெக்ஐவர் பெரிய குடும்பத்துப் பட்டதாரி அல்லர். கியூவில் பயின்றவர்கள் நாற்றங்காலிலும் கண்ணாடி வீட்டிலும் கையில் மண் படிய வேலை கற்றவர்கள். அவருக்கும் நம் ஊர்த் தோட்டக்காரருக்கும் கைத்திறனில் இருந்த வித்தியாசத்தை விடப் பெரிய வித்தியாசம், 'கியூவில் பயின்றவர்' என்ற அந்த ஒரு வரிதான். அந்த வரி இருந்தவருக்குக் கண்காணிப்பாளர் பதவி. இல்லாதவருக்குத் தினக்கூலி.

பெங்களூர் லால்பாக்கிலும் இதே கதைதான். ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய அந்தத் தோட்டம் 1856-ல் அரசுத் தாவரவியல் தோட்டமானது. 1874 முதல் 1908 வரை அதை நடத்திய ஜான் கேமரான் கியூவில் பயின்றவர். அவருக்குப் பின் வந்த கிரும்பீகல் ஜெர்மானியர். அவரும் கியூவில் வேலை செய்தவர். 1893-ல் பரோடா சமஸ்தானத்துக்கு வந்து, பிறகு மைசூர் சமஸ்தானத்தில் சேர்ந்தார். பெங்களூரில் எந்தத் தெருவில் எந்த மரம், எந்த மாதத்தில் எது பூக்கும் என்று கணக்குப் போட்டு நட்டவர் அவர் என்பார்கள். ஒன்று முடிந்ததும் ஒன்று பூக்கும்.

கடல் கடந்து போன நம்மவர்

இந்த வரலாற்றில் திருப்புமுனை என்று நான் கருதுவது லால்பாக்கில்தான் நடந்தது. கிரும்பீகலுக்குப் பின், 1930-களில் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் எச். சி. ஜவராயா. மைசூர்க்காரர். அவரும் கியூவில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். அதுவரை வெளிநாட்டாருக்கே உரியதாக இருந்த நாற்காலியில் உள்ளூர்க்காரர் ஒருவர் அமர்ந்தார். அவருக்குப் பின் வந்த டாக்டர் எம். எச். மரிகௌடா கியூவில் மட்டுமின்றி அமெரிக்காவின் ஹார்வர்டிலும் படித்து டாக்டர் பட்டம் பெற்றவர். கர்நாடகத் தோட்டக்கலையின் தந்தை என்று அவரை இன்றும் சொல்கிறார்கள்.

இதிலிருந்து நான் புரிந்து கொண்டது இதுதான். திறமை நம்மிடம் முன்பே இருந்தது. அதற்கு ஒரு முத்திரை விழுந்தவுடன் கதவு திறந்தது. ஆனால் அந்த முத்திரைக்காகக் கப்பல் ஏற வேண்டியிருந்தது. அது எத்தனை பேரால் முடியும்?

சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு

முத்திரையை உள்ளூரிலேயே கொடுக்கும் முயற்சி நம் சென்னையில்தான் நடந்தது. சைதாப்பேட்டையில் 1868-ல் வேளாண் பள்ளி தொடங்கியது. இன்று அங்கே நடந்து போகிறவர்களுக்கு அப்படியொன்று இருந்ததே தெரியாது. 1906-ல் அது கோயம்புத்தூருக்கு மாறியது. வளர்ந்து கல்லூரியாகி, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. வேளாண்மையின் ஒரு கிளையாக மட்டும் இருந்த தோட்டக்கலைக்கு 1970-களில் தனி இடம் கிடைத்தது. அரசிலும் 1979-ல் தோட்டக்கலைக்கென்று தனித்துறை உருவானது. 1990-ல் பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி வந்தது. திருச்சியில் பெண்களுக்கென்றே ஒரு தோட்டக்கலைக் கல்லூரி உள்ளது.

ஒரு மெக்ஐவரைக் கியூவிலிருந்து வரவழைத்த மாகாணம், தன் சொந்த மண்ணிலேயே பட்டதாரிகளை உருவாக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தாமதம்தான்; ஆனாலும் வந்ததே!

இன்னொரு கதவு: நில எழிலூட்டுதல்

செடியை வளர்ப்பது ஒரு கலை. எந்தச் செடி எங்கே, பாதை எப்படி, மழைநீர் எங்கே போகும், நிழல் எங்கே விழும் என்று ஒரு நிலம் முழுவதையும் சேர்த்துத் திட்டமிடுவது இன்னொரு கலை. இதை 'லேண்ட்ஸ்கேப்' என்கிறோம். கோவையில் நில எழிலூட்டுதல் என்று அழகாகச் சொல்கிறார்கள்.

இதைத் தனித் தொழிலாக நிலைநிறுத்தியவர்களில் முதல்வர் அமெரிக்காவின் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட். நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்குக்கு 1858-ல் நடந்த போட்டியில், கால்வெர்ட் வாக்ஸ் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து வரைபடம் கொடுத்து வென்றவர். வேடிக்கை என்னவென்றால், ஓம்ஸ்டெட் கல்லூரிப் பட்டம் பெறாதவர். விவசாயம் பார்த்தார், பத்திரிகைக்கு எழுதினார், பிறகுதான் பூங்காவுக்கு வந்தார். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் 1899-ல் தொழில்முறைச் சங்கம் அமைத்தார்கள். 1900-ல் ஹார்வர்டில் அதற்கான படிப்பு தொடங்கியது. தொடங்கி வைத்தவர்களில் ஓம்ஸ்டெட்டின் மகனும் ஒருவர். தகப்பனுக்கு இல்லாத பட்டத்தை மகன் மற்றவர்களுக்கு வழங்கினார்!

நம் நாட்டில் இந்த மேற்படிப்பு 1972-ல் புதுதில்லி திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியில் தொடங்கியது. அங்கே பல்லாண்டு கற்பித்த முகமது ஷாஹீர், ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தின் மறுசீரமைப்பிலும் சுந்தர் நர்சரியின் வடிவமைப்பிலும் பங்கு கொண்டவர். நில எழிலூட்டும் கலைஞர்களுக்கான இந்தியச் சங்கம் 2003-ல்தான் உருவானது. அமெரிக்கச் சங்கத்துக்கும் இதற்கும் நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. இந்தத் துறையில் நம் நாடு இன்னும் இளமையாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம்ம பக்கம் வருவோம்

பள்ளிப்பட்டுப் பகுதியின் வரலாறு நமக்குத் தெரியும். சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் 1960 ஏப்ரல் 1 முதல் நம் மாநிலத்தோடு இணைந்தன. வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுகிற ஊர் நம்முடையது. கொசஸ்தலை ஆற்றை நம்பிய விவசாயம். மாந்தோப்பு, கரும்பு, வேர்க்கடலை. ஒட்டுக்கட்டத் தெரிந்தவர்கள், மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தே பதம் சொல்கிறவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

இதே திருவள்ளூர் மாவட்டத்தின் இன்னொரு கோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்குச் சோறு போடும் இடம். ஒரு தொழிற்சாலை வருகிறது என்றால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1994-லும் 2006-லும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைகள் வந்தன. அதன் தொடர்ச்சியாகப் பல திட்டங்களுக்கு, மொத்த நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பசுமைப் பரப்பு என்பது நிபந்தனையாக விதிக்கப்பட்டு வந்திருக்கிறது. நூறு ஏக்கர் ஆலை என்றால் முப்பது ஏக்கருக்கு மேல் மரம்! இயந்திரத்துக்கு என்ஜினீயர், கணக்குக்கு ஆடிட்டர். முப்பது ஏக்கர் மரத்துக்கு யார்? பல இடங்களில் யாரும் இல்லை. ஒப்பந்தக்காரர் கொண்டு வந்து நட்டுவிட்டுப் போவார்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் அப்படி நட்ட கன்றுகள் இரண்டு கோடைக்குத் தாங்கவில்லை. தண்ணீர் போதவில்லை என்று லாரியை அதிகப்படுத்தினார்கள். அங்கே கூலிக்கு வேலை செய்த ஓர் அம்மா சொன்னார்: "தண்ணி கொறை இல்ல சார். மேல ஒரு அடிதான் மண்ணு, கீழ பூரா கட்டட கப்பி. வேர் எங்க சார் போவும்? குழிய ஆழமா தோண்டி நல்ல மண்ணு போடுங்க. பூவரசு வைங்க, புங்கன் வைங்க. இந்தக் காத்துக்குத் தாங்கும்." தோண்டிப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே இருந்தது. அவர் சொன்னபடி செய்தார்கள், மரங்கள் நின்றன. ஆனால் சம்பளப் பட்டியலில் அந்த அம்மாவின் பெயருக்கு எதிரே 'திறன் பெறாத தொழிலாளி' என்றுதான் இன்னமும் எழுதியிருக்கிறது. கோவிந்து காலத்துக் கதை முடிந்துவிட்டது என்று யார் சொன்னது?

அறிவில்லாமல் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு சான்று, கோனோகார்பஸ் மரம். சீக்கிரம் வளரும், எப்போதும் பச்சையாக இருக்கும் என்று நாடெங்கும் சாலையோரத்திலும் ஆலை வளாகத்திலும் நட்டார்கள். மகரந்தத்தால் ஒவ்வாமை, வேரால் குழாய்களுக்கும் கால்வாய்களுக்கும் சேதம் என்று புகார்கள் எழுந்தன. குஜராத் அரசு 2023-ல் அதற்குத் தடை விதித்தது. தமிழக அரசும் 2025-ல் தடை விதித்தது. நட்டதற்கும் செலவு, பிடுங்குவதற்கும் செலவு. நடுவதற்கு முன் படித்தவர் ஒருவரைக் கேட்டிருந்தால் இரண்டும் மிச்சம்.

இன்றைய படிக்கட்டுகள்

தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டிய பகுதி இது. கப்பல் ஏற வேண்டியதில்லை. பஸ் ஏறினால் போதும்.

முதல் படி, தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பாடத்திட்டத்தில் உள்ள தோட்டக்கலை, மலர் வளர்ப்பும் நில எழிலூட்டலும் போன்ற பிரிவுகள். அடுத்தது, பள்ளிப் படிப்புக்குப் பின் இரண்டாண்டு தோட்டக்கலைப் பட்டயம். நம் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே மாதவரத்தில் இதற்கு நிலையம் இருக்கிறது. இந்தப் பட்டயம் பெற்றவர்கள் அரசின் உதவித் தோட்டக்கலை அலுவலர் பணிக்குத் தேர்வு எழுதலாம். பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்கள் நான்காண்டு பி.எஸ்சி. தோட்டக்கலையில் சேரலாம், தோட்டக்கலை அலுவலர் பதவிக்கு அதுவே தகுதி. அதற்கு மேல் எம்.எஸ்சி.யில் மலரியலும் நில எழிலூட்டலும் தனிப் பாடமாகவே உண்டு. மத்திய பொதுப்பணித் துறையிலும் தோட்டக்கலைக்கென்று தனிப் பிரிவும் அலுவலர் பதவிகளும் உள்ளன.

வரைபடத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு வழி வேறு. ஐந்தாண்டு பி.ஆர்க். முடித்து, நில எழிலூட்டலில் முதுகலை படிக்க வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: 1972-ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக் கொள்ளலாம். தோட்டக்கலை வழியாக வருகிறவர்கள் பெயர்ப்பலகை எழுதும்போது இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு வழியும் நல்ல வழிதான். சேரும் முன்பே எது நம் வழி என்று தெரிந்து கொள்வது நல்லது.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த படி. ஏற்கனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்து, அவர்களுடைய திறமைக்குச் சான்றிதழ் வழங்கும் முறை. 2015-ல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இதற்கு இடம் இருந்தது. வேளாண்மைத் திறன் குழுமத்தின் பணிப் பட்டியலில் 'தோட்டக்காரர்' என்பதும் ஒன்று. நான் மேலே சொன்ன அந்த அம்மா போன்றவர்களுக்காகவே வந்த ஏற்பாடு போலத் தோன்றுகிறது. ஆனால் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. யார் போய்ச் சொல்வது?

நிறைவாக ஒரு வேண்டுகோள்

நந்தவனக் குடிகள் முதல் கோவிந்து வரை, மெக்ஐவர் முதல் ஜவராயா வரை, இந்த வரலாறு காட்டுவது ஒன்றே. மண்ணை அறிந்த கைக்குத் தகுந்த முத்திரையும் சேரும்போதுதான் அந்தக் கைக்கு மரியாதை கிடைக்கிறது. வெறும் பட்டம் மரத்தை வளர்க்காது. வெறும் கைத்திறனோ, இன்றைய உலகில் வளர்த்தவரைக் கூலியாகவே நிறுத்திவிடுகிறது.

எனவே தொழிற்சாலைகளில் பொறுப்பில் இருக்கும் நம் சங்க நண்பர்களுக்கு என் வேண்டுகோள். உங்கள் ஆலையின் பசுமை வளையத்துக்குத் தோட்டக்கலை படித்த ஒருவரையாவது வேலைக்கு வையுங்கள். உங்கள் தோட்டப் பணியாளர்களில் திறமையானவர்களை அடையாளம் கண்டு, சான்றிதழுக்கு அனுப்பி, சம்பளத்தை அதற்கேற்ப உயர்த்துங்கள். நிர்வாகத்திடம் இதை எடுத்துச் சொல்லும் இடத்தில் நம்மில் பலர் இருக்கிறோம்.

நம் கல்லூரி மாணவர்களுக்கு: உங்கள் வீட்டிலும் தெருவிலும் பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கைகள் இருப்பார்கள். "செடி வளர்க்கிறதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" என்று யாராவது கேட்டால் மெக்ஐவர் கதையைச் சொல்லுங்கள். தாத்தா மாமரத்தில் ஒட்டுக்கட்டும்போது பக்கத்தில் நின்று பழகிய பிள்ளை, மற்றவர்களைவிட ஒரு படி முன்னால்தான் இந்தப் படிப்பைத் தொடங்குகிறது. பள்ளிப்பட்டில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை.

வளர்க நம் கல்லூரி! வாழ்க நம் சங்கம்!